எச்.ஐ.வி. பரிசோதனை முகாம் நடத்துவது எப்படி: விரல் நுனியிலிருந்து முதல் மாத்திரை வரை

எங்கள் முதல் முகாம் முடிந்த சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நூறு பேருக்கு மேல் வந்து விரலை நீட்டியிருந்தார்கள். மூன்று பேருக்கு ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று முதல் சோதனை காட்டியது. மூவருக்கும் சிகிச்சை மையத்தின் முகவரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துப் பேசியபோது, ஒருவர் மட்டுமே அங்கே போயிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து நான் முகாமைத் திட்டமிடும் வரிசையே மாறிவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அந்த வரிசையை எழுதுகிறேன். எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

1. முதலில் சிகிச்சை மையத்துக்குப் போங்கள்

இடம் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது எல்லாம் அப்புறம். புதியவர்களை எந்தெந்த நாளில் பார்க்கிறார்கள், ஆலோசகர் யார், வந்த அன்றே மருந்து தொடங்குவார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். தொற்று உறுதியான எல்லோருக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திருக்காமல், சிகிச்சை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இலேயே சொல்லிவிட்டது. 2017-இல் இன்னும் ஒரு படி போய், உறுதியான 7 நாளுக்குள், அவர் தயாராக இருந்தால் அன்றைக்கே தொடங்கலாம் என்றது. கடும் தலைவலி போன்ற அறிகுறி இருப்பவர்களுக்கு மட்டும் மூளைக்காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் பார்த்த பிறகே மருந்து. விடாத இருமல், காய்ச்சல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் உடனே நடக்க வேண்டும்.

2. யார் கூப்பிடுகிறார்கள்?

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் உங்கள் திட்டக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேடையில் ஏற்றிக் கதை சொல்ல வைப்பதைச் சொல்லவில்லை, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 1983-இல் டென்வரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், எங்களைப் 'பலியானவர்கள்' என்று அழைக்காதீர்கள், எங்களைப் பற்றிய முடிவுகளில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். எங்கள் நோட்டீஸில் இருந்த 'கொடிய நோய்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு, 'மாத்திரை இருக்கிறது' என்று எழுதச் சொன்னவரும் பல வருடமாக அந்த மாத்திரையைச் சாப்பிடுபவர்தான்.

3. நேரம்

ஆண்கள் பகலில் வரமாட்டார்கள். ஜாம்பியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த பாப்ஆர்ட் ஆய்வில் ஊழியர்கள் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக வீடு வீடாகப் போனார்கள், அங்கும் ஆண்களைப் பிடிப்பதுதான் சிரமமாக இருந்தது. வேலை முடிகிற நேரத்தில், வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மேசை போடுங்கள்.

4. சோதனை மேசை

கிட்டில் போட்டிருக்கும் நேரத்தை டைமர் வைத்துப் பாருங்கள். 15 நிமிடம் என்றால் 15. நேரம் தாண்டிப் பார்த்தால் இல்லாத கோடு தெரியலாம். முதல் கிட்டில் ரியாக்டிவ் என்றால் அது இன்னும் 'பாசிட்டிவ்' ஆகவில்லை, வேறு வகைக் கிட்டுகளில் உறுதிசெய்த பிறகே அந்த வார்த்தை. அதே போல, போன வாரம் ஆபத்துக்கு ஆளானவருக்கு இன்று நெகட்டிவ் வந்தால் அது முடிவான பதில் இல்லை, 3 மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லுங்கள். ஆபத்துக்கு ஆளாகி இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். தடுப்பு மருந்துக்கு உடனே அனுப்புங்கள், அது 28 நாள் சாப்பிடுவது.

வரிசையில் நிற்பவர்கள் நிமிடம் எண்ணுவார்கள். உள்ளே போனவர் 5 நிமிடத்தில் வந்தால் ஒன்றுமில்லை, 20 நிமிடம் ஆனால் 'அவனுக்கு இருக்கு' என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் முடிவு எதுவானாலும் எல்லோரையும் ஒரே அளவு நேரம் உள்ளே உட்கார வைக்கிறோம். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி உறை. நெகட்டிவ் வந்தவரிடம் அந்த நேரத்தில் ஆணுறை பற்றிப் பேசலாம், தொற்று வராமல் இருக்கத் தினமும் சாப்பிடும் முன்தடுப்பு மாத்திரை பற்றிப் பேசலாம். வீணாகாது.

5. நாங்கள் தடுக்கி விழுந்த இடம்

அந்தச் சீட்டுக்கு வருகிறேன். போகாத இருவரில் ஒருவர் பிறகு சொன்னார்: "அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்தால் துணி துவைக்கும்போது கையில் கிடைக்கும். பர்ஸில் வைத்தால் பையன் பார்ப்பான். தெருமுனையிலேயே கிழித்துப் போட்டுவிட்டேன்." நாங்கள் உதவி என்று கொடுத்தது அவர் கையில் பயமாக மாறியிருந்தது.

இப்போது சீட்டே கிடையாது. அதற்குப் பதில் ஓர் ஆள். முடிவைச் சொல்லி, அவர் அழுது முடித்து, தண்ணீர் குடித்த பிறகு, "நானும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன், நாளைக்குச் சேர்ந்து போகலாமா?" என்று கேட்க அதே அறையில் ஒரு தோழர் இருப்பார். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. சரி என்றால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். தொலைபேசி எண் வாங்கும்போது, "இந்தப் போனை வேறு யார் எடுப்பார்கள்? எடுத்தால் என்ன சொல்லட்டும்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதிவுக்கு நான் நோட்டுப் புத்தகம்தான் வைத்திருக்கிறேன். பெயருக்குப் பதில் குறியீட்டு எண், நோட்டு பூட்டிய பெட்டியில். பகிரப்பட்ட எக்செல் கோப்பு வசதிதான், ஆனால் யார் போனில் திறந்து கிடக்கிறது என்று தெரியாது. பாசிட்டிவ் ஆனவர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

6. மாத்திரை தொடங்கிய பிறகு

95-95-95 என்ற உலக இலக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: தொற்றுள்ளவர்களில் 95% பேருக்கு அது தெரிய வேண்டும், தெரிந்தவர்களில் 95% பேர் சிகிச்சையில் இருக்க வேண்டும், அவர்களில் 95% பேருக்கு வைரஸ் அடங்க, அதாவது ரத்தத்தில் மிகக் குறைவாக, வேண்டும். மூன்றையும் பெருக்கினால் 100 பேரில் சுமார் 86 பேர்தான் வருகிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஆள் கழன்றுகொண்டே போகிறார்கள். அதனால் முதல் மாதம் வாரம் ஒரு முறை பேசுங்கள். ஆறாவது மாதம் வைரல் லோடு (ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற அளவு) பார்க்கும் நாளை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளுக்கு ஒரு நல்ல சேதி வைத்திருங்கள். 2016-இலும் 2019-இலும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த ஜோடிகளைக் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் உறவு வைத்தும், துணையிடமிருந்து துணைக்கு ஒரு முறைகூடத் தொற்றவில்லை. இதைக் கேட்டதும் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ என் வீட்டுக்காரரை நான் கட்டிக்கலாமா?" என்று கேட்டார். கட்டிப்பிடிப்பதால் எப்போதுமே தொற்றாது. அதுகூடச் சொல்லப்படாமல் அவர் எத்தனை மாதம் இருந்தாரோ.

சேர்த்தது 1: ஒரு வாசகர் எழுதியிருந்தார்: ஏற்கெனவே சிகிச்சையில் இருந்த அவருடைய அண்ணன், ஆசையில் சுயபரிசோதனைக் கிட் வாங்கிப் பார்த்திருக்கிறார். நெகட்டிவ் வந்ததும் மருந்தை நிறுத்திவிட்டார். மருந்து சாப்பிடுபவருக்கு இந்தக் கிட்டுகள் தவறாக நெகட்டிவ் காட்டக்கூடும், குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இப்போது எங்கள் மேசையில் முதல் கேள்வியே, தனியாக, மெதுவாக, "ஏற்கெனவே மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்பதுதான்.

சேர்த்தது 2: "துணையையும் கூட்டி வா என்று சொல்லலாமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முதலில், வீட்டில் சொன்னால் அடி விழுமா, வெளியே துரத்துவார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அவரைப் பாதுகாப்பதைப் பாருங்கள். ஆபத்து இல்லை, ஆனால் தானே சொல்லத் தைரியம் வரவில்லை என்றால், அவர் சம்மதத்தோடு சுகாதாரப் பணியாளரே துணையைத் தொடர்புகொண்டு, யார் பெயரும் சொல்லாமல் பரிசோதனைக்கு அழைக்கலாம். எங்களிடம் வந்தவர்களில் பலர் பணியாளர் மூலம் அழைக்கும் இந்த வழியைத்தான் கேட்டார்கள்.