'ஸ்கேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்: கோலாலம்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நம் ஊரில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் கடைத்தெருவில் இருக்கும் ஸ்கேன் சென்டருக்குப் போய்ப் பணத்தைக் கட்டினால், மாலைக்குள் படமும் அறிக்கையும் கைக்கு வந்துவிடும். இங்கே அந்தப் பழக்கத்தோடு நடந்தால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

நடைமுறை எளியதுதான். முதலில் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டினருக்குக் கட்டணம் வேறு, அதிகம் என்பதால், நம்மில் பலர் வேலையிடம் தரும் காப்பீட்டு அட்டையை நம்பித் தனியார் மருத்துவமனைக்குப் போகிறோம். அங்கே அட்டை மட்டும் போதாது. காப்பீட்டு நிறுவனம் முன்கூட்டியே தரும் உத்தரவாதக் கடிதமும் வேண்டும். எல்லோரும் இதை ஜி.எல். என்பார்கள்.

நான் மாட்டிக்கொண்டது அந்தக் கடிதத்தில்தான். என் மனைவிக்கு இடுப்பில் தொடங்கிக் கால் வரை இறங்கும் வலி இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகவே தெரிந்ததால், மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, ஊர் வழக்கப்படி 'ஸ்கேன்' என்று மட்டும் சொன்னேன்; அவர்கள் அனுப்பிய கடிதத்தில் அல்ட்ராசவுண்டு என்று இருந்ததை நான் படித்துப் பார்க்கவில்லை. கவுண்டரில் கடிதம் செல்லாது என்றார்கள். பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று எண்ணி 1,400 வெள்ளியைக் (ரிங்கிட்டைக்) கட்டினேன். முன் அனுமதி இல்லை என்ற ஒற்றை வரியுடன் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தவறு பாதி என்னுடையதுதான். ஆனாலும் எந்த ஸ்கேன் என்று ஒரு வார்த்தை கேட்க மறுமுனையில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்ற எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஆகவே சோதனையின் முழுப் பெயரையும் உடலின் எந்தப் பகுதி என்பதையும் பரிந்துரைக் கடிதத்தில் உள்ளபடியே சொல்லுங்கள். எக்ஸ்ரே முதன்மையாக எலும்புக்கும் நெஞ்சுக்கும் உரியது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டு ஒலியலையில் இயங்குவதால் அதில் கதிர்வீச்சு இல்லை. சி.டி. என்பது பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்துக் கணினியால் குறுக்குவெட்டுப் படமாக்குவது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றாலும், வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி.யின் கதிர்வீச்சு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு அதிகம். எம்.ஆர்.ஐ. காந்தத்தால் இயங்குவது, முதுகெலும்புத் தட்டும் நரம்பும் அதில்தான் தெளிவாகத் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் இரைச்சலுக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். படம் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் சாய ஊசி உண்டா என்பதையும் கேட்டுக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். சி.டி. சாயத்தில் அயோடின் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மெட்பார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளும் முன்பே தெரிவிக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் எதுவும் கூடாது. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். தாலியையும் மெட்டியையும் கழற்றச் சொன்னபோது என் மனைவி தயங்கி நின்றார். ஊரிலிருந்த மாமியாரிடம் அவர் பேசிய பிறகு, இங்கே நம்மவர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்சில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வந்து கழுத்தில் கட்டிவிட்டு, தாலியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் வெளியே வரும்வரை அந்தப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.