வாகனத் திருட்டுத் தடுப்புக் கருவிகள்: பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் ஹட்டனில் என் கராஜுக்கு வந்த ஒரு வேனின் டாஷ்போர்டைக் கழற்றியபோது, தொழில் பழகிய காலத்தில் நான் செய்த பிழையையே புது வயரில் மறுபடியும் பார்த்தேன். பொருத்தியவர் இளைஞர். நல்ல கருவியைத்தான் தெரிவு செய்திருந்தார்; பொருத்திய முறைதான் ஆபத்தானது. கதவைப் பூட்டுங்கள், சாவியை வண்டியில் விடாதீர்கள் என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. பணம் செலவழித்துக் கருவி பொருத்திக்கொள்கிறவர்களுக்கும், அதைப் பொருத்தப் பழகும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன்.

ஓடும் வண்டியை நிறுத்திவிடும் இணைப்பு

எஞ்சினை இயங்கவிடாமல் தடுக்கும் கருவிகளில் பெரும்பாலானவை, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு சிறிய ரிலேயை நம்பியே வேலை செய்கின்றன. அதன் அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று ஐந்து கால்கள் இருக்கும். 85க்கும் 86க்கும் இடையில் மின்சாரம் பாயும்போது 30ஆம் கால் 87உடன் சேரும். பாயாதபோது 87ஏயுடன் சேர்ந்திருக்கும். எரிபொருள் பம்பின் வயரை வெட்டி 30க்கும் 87க்கும் கொடுத்துவிட்டால், வண்டி ஓடுகிற நேரமெல்லாம் ரிலேக்கு மின்சாரம் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; அதன் எர்த் வயர் சற்றுத் தளர்ந்தாலும் பம்பு நின்று எஞ்சின் அணைந்துவிடும்.

மரக்கறி ஏற்றும் வேன் ஒன்றுக்கு நான் அப்படித்தான் இணைத்துக் கொடுத்தேன். மூன்றாம் மாதம், ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வழியில், ஒரு வளைவில் எஞ்சின் அணைந்தது. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிடமும் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். ஒரு பக்கம் பள்ளம். சாரதி கைப்பிரேக்கை இழுத்து, மறுபக்கத்து மண்மேட்டில் உரசி வண்டியை நிறுத்தியதால் உயிர் தப்பினார். அந்த இணைப்பை நான் அவிழ்த்தபோது டேப்பின் பசை இளகி விரலில் ஒட்டியது. உள்ளே செம்பு பச்சை பூத்து, இழைகளில் பாதி தூளாக உதிர்ந்தது. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் நம் பகுதியில், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புக்கு ஆயுள் அவ்வளவுதான். நான்கு அங்குல நீளமுள்ள அந்த வயர்த்துண்டு இன்னமும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. வேலை பழக வருகிறவர் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன்.

பம்பின் வயரை 30க்கும் 87ஏக்கும் கொடுங்கள். 86ஐ இக்னிஷன் வயரில் சேர்த்து, 85ஐக் கருவியிடம் விடுங்கள். கருவி காவலில் இருக்கும்போது யாராவது இக்னிஷனைப் போட்டால் மட்டுமே ரிலே இழுத்துப் பம்பைத் துண்டிக்கும். ரிலேயின் வயர் கழன்றாலும் வண்டி தொடர்ந்து ஓடும். ஆனால் பம்பின் வயரிலேயே இரண்டு இணைப்புகள் இருப்பதால், அவற்றுக்கு ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடியே ஆக வேண்டும். "அப்படியென்றால் திருடன் கருவியின் வயரை வெட்டிவிட்டு ஓட்டிப் போய்விடுவானே, அண்ணே?" என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஆகவே கருவியையும் வயரையும் கை எட்டாத ஆழத்தில் மறைப்பதற்கு அரை நாள் செலவிட வேண்டும். அந்த அரை நாளை மிச்சப்படுத்துவதற்காக இன்னொருவரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

தொலைபேசியிலிருந்து எஞ்சினை அணைக்கும் வசதிக்கும் இதுவே பொருந்தும். வண்டியின் வேகம் குறைந்த பிறகே துண்டிக்கும் கருவியை வாங்குங்கள். வண்டி திருடுபோன ஆத்திரத்தில் அந்தப் பொத்தானை அழுத்துகிறவருக்கு, எதிரே பாடசாலைப் பிள்ளைகள் வருகிறார்களா என்பது தெரியாது.

ஸ்டார்ட்டரை மட்டும் துண்டித்தல்

சமதரையில் இது பாதுகாப்பான வழி. ஓடும் வண்டி இதனால் நிற்காது. ஆனால் நம் தோட்டங்களில் பாதை லயன் வீடுகளின் வாசல் வரை வருவது அரிது. வண்டிகள் மேலே, சரிவில், வீட்டாரின் கண் படாத இடத்தில் நிற்கின்றன. கிளட்ச் மிதி உள்ள பழைய வண்டியென்றால், திருடன் கைப்பிரேக்கை விடுவித்துச் சத்தமில்லாமல் உருட்டி, கீழே போய் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்துவிடுவான். சிப் உள்ள சாவியோடு வந்த வண்டியில் இது பலிக்காது. மற்ற வண்டிகளுக்குப் பம்பையும் துண்டிக்க வேண்டும். கூடவே ஸ்டீயரிங்குக்கோ பிரேக் மிதிக்கோ வெளியில் தெரியும் ஓர் இரும்புப் பூட்டும் வேண்டும். ஓட்டோவுக்கு முன்சக்கரத்தில் சங்கிலி போடுங்கள்.

காற்றுக்கும் அலறும் அலாரம்

அதிர்வு உணரியின் திருகைக் குறைத்து வையுங்கள். தென்மேற்குப் பருவக் காற்றில் இரவில் நான்கு முறை அலறும் அலாரத்துக்கு ஐந்தாம் முறை எவரும் எழுந்து வருவதில்லை.

ஜீபிஎஸ் கருவியைப் பொருத்திவிட்டு மறந்துவிடுதல்

கருவி இருக்குமிடத்தைச் செய்மதிகளின் உதவியால் அறிந்துகொண்டாலும், அதை உங்களுக்கு அனுப்பத் தொலைபேசி வலையமைப்பு வேண்டும். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் வண்டி கிடந்தால், கடைசியாகச் சிக்னல் கிடைத்த இடத்தையே திரையில் பார்ப்பீர்கள். சிம் அட்டையில் பணம் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இரும்புத் தகட்டுக்கு அடியில் வைத்தால் செய்மதிச் சிக்னலே வராது. கருவிகள் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் இழுத்தால், பத்து நாள் நிற்கும் வண்டியில் 24 ஆம்பியர் மணி தீர்ந்துவிடும். சிறிய காரின் பற்றரியில் மொத்தமே 35 அளவில்தான் இருக்கும். பொருத்தி முடித்ததும் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் எங்கே இழுக்கிறது என்று தேடுங்கள்.

பதிவுப் புத்தகத்தை டாஷ்போர்டுக்குள் வைத்தல்

வீட்டில் வையுங்கள், செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் எழுதிய தாள் ஒன்று பணப்பையில் இருந்தால், 119க்கு அழைக்கும்போதும் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போதும் தடுமாற வேண்டியதில்லை.

மறைவுச் சுவிட்ச் ஸ்டீயரிங்குக்குக் கீழே

திருடனும் முதலில் அங்கேதான் கை விடுகிறான்.