வியர்சோனில் இடம் கிடைத்தவர்களுக்கு: முதலில் ரயில் நிலையத்தைப் பழகுங்கள்

பாரிசில் வந்திறங்கி, தெரிந்தவர் வீட்டில் இரண்டு வாரம் தரையில் படுத்து, அகதிக் கேஸ் பதிந்த பிறகு "உனக்குத் தங்க இடம் வியர்சோனில்" என்று கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்களா? எனக்கும் அதுதான் நடந்தது. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் யாரைக் கேட்டாலும் ஊரைத் தெரியவில்லை, ஒரு அண்ணா மட்டும் "துலூஸ் போகேக்க ரயில் நிற்கும், நான் இறங்கினதில்லை" என்றார்.

அவர் சொன்னது சரிதான். 25,000 பேர் அளவில் வசிக்கிற சின்ன ஊர், ஆனால் 1847இல் ஒர்லெயானிலிருந்து வந்த தண்டவாளம் இங்கேதான் இரண்டாகப் பிரிந்தது, ஒன்று பூர்ஜ் பக்கம், மற்றது ஷதோரூ வழியாக லிமோஜ், துலூஸ் பக்கம். பிறகு மேற்கே தூர் (Tours) என்ற ஊரிலிருந்தும் ஒரு பாதை வந்து சேர்ந்தது. மாகோவில் யாழ்ப்பாண ரயிலும் மட்டக்களப்பு ரயிலும் பிரிகிறதே, அதே சங்கதி. பாரிசிலிருந்து இந்த ஊர்வரை 1926இலேயே மின்சார ரயில் ஓடியிருக்கிறது, அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், கேஸுக்கு அலைய வேண்டிய எல்லா இடத்துக்கும் இங்கிருந்து ரயில் உண்டு. மாவட்ட அரச அலுவலகமான பிரிபெக்சர் பூர்ஜில், அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வியர்சோனிலும் அதன் கிளையான ஒரு சூ-பிரிபெக்சர் இருக்கிறது, எது எது என்று கடிதத்தில் உள்ள முகவரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தங்குமிடத்தையும் உதவித்தொகையையும் பார்க்கும் ஓஃபி அலுவலகம் ஒர்லெயானில். இங்கேதான் புது ஆட்கள் எல்லாரும் மாட்டுவது: பாரிஸ் போகும் பெரிய ரயில்கள் ஒர்லெயான் ஊருக்குள் போவதில்லை, வெளியே லெ-ஓப்ரே என்ற நிலையத்தில் நின்றுவிட்டுப் போய்விடும், அங்கே இறங்கி மாற வேண்டும். தூரிலும் இதே கதை, அங்கே பெயர் சென்-பியெர்-தெ-கோர்.

டிக்கெட்டில் இரண்டு சாதி. ஆந்தெர்சிதே என்பது தூர ரயில், இருக்கை பதிந்தே ஆக வேண்டும், அந்த ரயிலில்தான் ஏறலாம். ரெமி என்பது மாகாண ரயில், இருக்கை பதியத் தேவையில்லை. ரெமியிலும் பாரிஸ் போகலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பலகையில் 'சுப்ரிமே' என்று எழுதியிருந்தால் அந்த ரயில் இல்லை, 'வுவா' என்றால் மேடை.

அகதிக் கேஸை முடிவு செய்யும் ஒஃப்ராவின் விசாரணைக்குப் பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள ஃபொந்தனே-சூ-புவாவுக்குப் போக வேண்டும். பாரிசில் நம் ரயில் போய் நிற்கும் ஒஸ்தெர்லிட்ஸில் இறங்கிப் பாலம் தாண்டி லியோன் நிலையத்துக்கு நடந்தால் பத்து நிமிடம், அங்கிருந்து ஆர்-இ-ஆர் ஏ என்ற புறநகர் ரயிலில் வால்-து-ஃபொந்தனே நிலையம். ரயில் செலவைப் பற்றி உங்கள் சமூகப் பணியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள், கேட்காமல் இருப்பவர்கள் சொந்தக் காசைப் போடுகிறார்கள்.

லாச்சப்பலுக்கு ஒஸ்தெர்லிட்ஸிலிருந்து மெத்ரோ 5 பிடித்து கார்-து-நோரில் இறங்கினால் போதும். வழி சுலபம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேஸ் முடியும்வரை உங்களுக்கு ஒதுக்கிய மாகாணத்தை விட்டு வெளியே போக ஓஃபி அனுமதி வேண்டும், பாரிஸ் வேறு மாகாணம். ஒஃப்ராவோ நீதிமன்றமோ கூப்பிட்டால் அனுமதி தேவையில்லை, மரக்கறி வாங்கப் போனால் தேவை. அனுமதி இல்லாமல் போனதற்காக உதவித்தொகையை நிறுத்தினால் திரும்பப் பெறுவது பெரும் பாடு. 1940இல் பிரான்சை இரண்டாகப் பிரித்து ஜெர்மன்காரர்கள் போட்ட எல்லைக்கோடு இந்த ஊரின் ஷேர் ஆற்றோரமாகத்தான் போனதாம், அப்போதும் இங்கே ரயிலை நிறுத்திப் பேப்பர் பார்த்திருக்கிறார்கள். வரலாற்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அப்புறம், திரும்பி வரும்போது தூங்காதீர்கள். ஒஸ்தெர்லிட்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரம், நன்றாகக் கண் அசரும், ஆனால் ஆந்தெர்சிதேக்கு வியர்சோன் கடைசி நிறுத்தம் இல்லை. இரண்டு பை முருங்கைக்காயோடு நான் கண்விழித்தது ஷதோரூவில், அன்றைக்குத் திரும்ப ரயிலும் இல்லை. இப்போது போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன், லெ-ஓப்ரே தாண்டியதும் அடிக்கிற மாதிரி.