சுமத்ரா–அந்தமான் நிலநடுக்கத்தைச் செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவில் காண்பது எப்படி

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவின் வடமேற்கிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பூமித்தட்டு பிளந்து வழுக்கியது. நாகப்பட்டினம், கடலூர் கரைகள் வரை கடலைக் கொண்டுவந்த அந்த நிலநடுக்கம் இடம் மாற்றிய பாறையின் நிறை மிகப் பெரிது. அதனால்தான் 500 கி.மீ.க்குச் சற்றுக் குறைந்த உயரத்தில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 220 கி.மீ. இடைவெளியில் பறந்து பூமியின் ஈர்ப்பை அளந்த கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களால் அதை உணர முடிந்தது. 2006-இல் ஷின்-சான் ஹான் குழுவினர் காட்டிய மாற்றம் கூடியும் குறைந்தும் 15 மைக்ரோகால் (ஈர்ப்பு முடுக்கத்தின் மிகச் சிறிய அலகு) அளவு. அதே தடயத்தை நீங்களும் பொதுத் தரவிலிருந்து எடுக்கலாம். சாதாரண மடிக்கணினியே போதும்.

நாசாவின் போடாக் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்ஆர் மையம் தரும் மாதாந்திர ஜிஎஸ்எம் (ஈர்ப்புப் புல) கோப்புகளை ஆறாம் வெளியீட்டில் இறக்குங்கள். படி 60 வரையுள்ள ஸ்பெரிக்கல் ஹார்மோனிக் கெழுக்கள், அதாவது பூமியின் ஈர்ப்பைக் கோள அலைகளின் கூட்டலாக விவரிக்கும் எண்கள், போதும். 2003 தொடக்கம் முதல் 2012 மார்ச் வரை எடுங்கள். 2012 ஏப்ரல் 11 அன்று அதே வட்டாரத்தில் 8.6 அளவு நிலநடுக்கம் வந்ததால் அங்கேயே நிறுத்துவது நல்லது. பூமியின் துருவத் தட்டையைக் குறிக்கும் சி20 கெழுவை கிரேஸ் நன்றாக அளக்கவில்லை. செயற்கைக்கோள்களுக்கான லேசர் தொலைவளவீட்டிலிருந்து பெற்ற மதிப்பைத் தொழில்நுட்பக் குறிப்பு 14 தருகிறது. அதை மாற்றி வையுங்கள்.

பூமியைக் கட்டங்களாகப் பிரித்து நிறை மாற்றத்தைத் தரும் மாஸ்கான் தரவு கையாள எளிது என்று அதற்குப் போகாதீர்கள். அது எல்லா மாற்றத்தையும் பூமியின் மேல் பரவிய நீராகக் கொண்டு சென்டிமீட்டரில் தருகிறது. நிலநடுக்கத்தில் மாறுவது நீர் அல்ல, ஆழத்துப் பாறையின் அடர்த்தியும் எல்லைப் பரப்புகளின் உயரமும். ஆகவே ஈர்ப்பிலேயே வேலை செய்யுங்கள்: நீண்டகாலச் சராசரியைக் கழித்து, ஒவ்வொரு கெழுவையும் அதன் படி எண்ணுடன் ஒன்றைக் கூட்டிய எண்ணால் பெருக்கி, ஜிஎம்-ஐ (ஈர்ப்பு மாறிலியையும் பூமியின் நிறையையும் பெருக்கிய எண்) பூமி ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் மதிப்பாலும் பெருக்குங்கள். மீட்டர்–நொடி அலகில் வரும் விடையை 10 கோடியால் பெருக்கினால் மைக்ரோகால்.

இப்போது படம் வரைந்தால் வடக்கு–தெற்காகப் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். இரண்டு செயற்கைக்கோள்களும் ஒரே துருவப் பாதையில் முன்பின்னாகப் பறந்ததன் விளைவு இது. 350 கி.மீ. ஆரமுள்ள காஸியன் வடிகட்டி (சுற்றுப்புற மதிப்புகளின் எடையிட்ட சராசரி) இதைப் பெருமளவு அடக்கும். பட்டை நீக்கும் தனி வடிகட்டி நிலநீர் ஆய்வுக்கு நல்லது, இங்கே ஆபத்து: அந்தமான்–நிகோபார் பகுதியில், தட்டுகள் சந்திக்கும் கடலடி அகழியே வடக்கு–தெற்காக ஓடுகிறது. நிலநடுக்கத் தடயத்தையும் பட்டையென்று எண்ணி அந்த வடிகட்டி அரித்துவிடும்.

அடுத்தது ஈர்ப்புத் தாவலை, அதாவது நிலநடுக்கத்தால் ஈர்ப்பு திடீரென மாறிய அளவை, பிரித்தெடுப்பது. 2005 ஜனவரியிலிருந்து 2004 நவம்பரைக் கழித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மியான்மரிலும் தாய்லாந்திலும் பருவமழை விட்டுச்சென்ற நீர் வடிவதுதான் அதில் முதலில் தெரியும். போதாக்குறைக்கு, 2004 ஜூலை முதல் அக்டோபர் வரை கிரேஸின் பாதை நான்கு நாளுக்கொருமுறை ஏறக்குறைய அதே தடத்துக்குத் திரும்பியதால் அந்த மாதத் தரவுகள் தரம் குறைந்தவை. அவற்றுக்கு எடை குறைத்து, முழுத் தொடருக்கும் மீச்சிறு வர்க்க முறையில் பொருத்துங்கள். சமன்பாட்டில் மாறிலி, நேர்கோட்டுப் போக்கு, ஓராண்டு, அரையாண்டு அலைவுகள், 161 நாள் அலைவு, 2004 டிசம்பர் 26-இல் ஒரு தாவல், அதன்பின் மெல்ல மாறும் ஓர் உறுப்பு ஆகியவை இருக்க வேண்டும். 161 நாள் அலைவு கடலோதப் பிழையிலிருந்து வருவது. நிலநடுக்கம் நடந்த மாதத்தில் முன்னும் பின்னும் கலந்திருப்பதால் அதை நீக்கிவிடுங்கள்.

2005 மார்ச் 28 அன்று நியாஸ் தீவருகே வந்த 8.6 அளவு நிலநடுக்கத்துக்கும் தனித் தாவல் தேவை. இரண்டுக்கும் இடையே முழுமையான மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும் மட்டுமே. ஆகவே நிகோபாருக்குத் தெற்கே வரும் மதிப்புகளில் இரண்டும் ஓரளவு கலந்தே இருக்கும். வடக்கே, அந்தமான் கடலில் தெரியும் குறைவை உறுதியாக நம்பலாம்.

எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு சோதனை: அதே அட்சரேகையில், நடுப் பசிபிக்கில் பல புள்ளிகளுக்கு அதே சமன்பாட்டைப் பொருத்துங்கள். அங்கே நிலநடுக்கம் இல்லை. ஆனாலும் தாவல் என்று ஏதோ ஓர் எண் வரும். அந்த எண்களின் சிதறல்தான் உங்கள் உண்மையான பிழை. கோப்புகளோடு வரும் பிழை மதிப்பீட்டைவிட இதையே நம்புங்கள்.

பெரும்பாலான பிழைகள் நடப்பது இதற்குப் பிறகு, மாதிரியோடு ஒப்பிடும்போது. பிளவில் எங்கே எவ்வளவு வழுக்கியது என்று சொல்லும் வழுக்கல் மாதிரியை எடுத்து, ஈர்ப்பு மாற்றத்தைக் கணக்கிடும் பிஎஸ்ஜிஆர்என், பிஎஸ்சிஎம்பி போன்ற நிரல்களில் ஓட்டுகிறோம். வரும் ஈர்ப்பு எந்த இடத்துக்கானது என்று கையேட்டில் பாருங்கள். தரையோடு சேர்ந்து எழும்பும் கருவி காணும் ஈர்ப்பு என்றால், மீட்டருக்கு 308.6 மைக்ரோகால் குறைவு அதில் சேர்ந்திருக்கும். செயற்கைக்கோள் தரையில் நிற்கவில்லை. அந்தக் குறைவைத் திரும்பக் கூட்ட வேண்டும். இரண்டு மீட்டர் எழும்பிய இடத்தில் இதை மறந்தால் 617 மைக்ரோகால் தவறு, நாம் தேடுவதோ 15. கடலடி எழும்பும்போது அந்த இடத்து நீர் விலகிப் போகிறது. அதற்காக மீட்டருக்கு 43 மைக்ரோகால் கழியுங்கள். பிறகு மாதிரியையும் படி 60-இல் வெட்டி, அதே காஸியன் வடிகட்டியில் செலுத்துங்கள். தரவுக்குச் செய்த எதையும் மாதிரிக்குச் செய்யாமல் விடக்கூடாது.

சரியாக வந்தால் அகழியின் கிழக்கே, அந்தமான் கடலில் வலுவான குறைவும், மேற்கே அதைவிட மெலிந்த கூடுதலும் தெரியும். கிழக்கே குறைவது பாறை விரிந்து அடர்த்தி குறைந்ததால். மேற்கே கூடுவது கடலடி எழும்பியதால். நீர் விலகியது அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. 300 கி.மீ.க்குக் குறைந்த நுணுக்கத்தை இதில் தேட வேண்டாம். எந்தப் பிளவுத் துண்டு எவ்வளவு வழுக்கியது என்பதை இத்தரவு மட்டும் சொல்லாது. மொத்த வழுக்கலையும் பிளவுத் தளத்தின் சரிவுக் கோணத்தையும் கட்டுப்படுத்த உதவும். 8.5-க்குக் கீழே உள்ள நிலநடுக்கங்களில் இதே வழிமுறை பெரும்பாலும் இரைச்சலில் தோற்றுவிடும்.

பின்னர் வரும் ஆண்டுகளில் அந்தமான் கடலின் குறைவு மெல்ல நிரம்புவதையும் அதே தொடரில் காணலாம். அதற்கான உறுப்பின் கால மாறிலியைத் தாவலோடு சேர்த்துத் தேடினால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும். ஆகவே மாறிலியை 0.2 முதல் 3 ஆண்டு வரை படிப்படியாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பொருத்தி, எச்சம் (தரவுக்கும் பொருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு) மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.