எல்.சி.3 சிமென்ட்: கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் கலவையைச் சோதனைக்கூடத்தில் செய்து பார்ப்பது எப்படி?

100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். நிலக்கரியை அடியோடு விட்டு வேறு எரிபொருளுக்கு மாறினாலும் கல்லிலிருந்து வரும் இந்த வாயு நிற்காது. சிமென்ட்டின் முக்கியப் பொருளான கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டுக் கிடைக்கும் கட்டி) உற்பத்தியின் உமிழ்வில் ஏறக்குறைய 60 சதவீதம் இதுதான். ஆகவே கிளிங்கரின் பங்கையே குறைக்க வேண்டும்.

எல்.சி.3 (சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் சேர்ந்த சிமென்ட்) கலவையில் கிளிங்கர் 50 சதவீதம், சுட்ட களிமண் 30, சுடாமல் அரைத்த சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 800 டிகிரி போதும். களிமண்ணில் உள்ள கயோலினைட் என்ற கனிமம் சுடப்படும்போது வெளியேறுவதும் நீராவிதான். சாதாரண சிமென்ட்டோடு ஒப்பிட்டால் உமிழ்வு சுமார் 30 சதவீதம் குறைகிறது. இந்தியாவில் இதற்கான தரநிர்ணயம் ஐ.எஸ். 18189, 2023-இல் வந்தது.

வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது களிமண். அதில் கயோலினைட் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். காகிதத்துக்கும் பீங்கானுக்கும் போகிற வெள்ளைக் களிமண் தேவையே இல்லை. இரும்பு கலந்து நிறம் கெட்டதென்று சீனக் களிமண் சுரங்கங்களில் ஒதுக்கிக் கொட்டும் மண்ணே போதும், விலையும் குறைவு. வயலில் கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணைத் தொடாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஸ்மெக்டைட் என்ற வேறு கனிமம். சுட்டாலும் வலிமை அவ்வளவாகத் தராது.

வெப்ப எடையிழப்புக் கருவி இல்லாவிட்டாலும் மஃபிள் உலையும் (சோதனைக்கூட மின்உலை) 0.01 கிராம் தராசும் கொண்டு கயோலினைட்டை ஓரளவு கணக்கிடலாம். மண்ணை 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, 50 கிராம் எடுங்கள். 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து நிறுங்கள்; பிறகு 600 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி நிறுங்கள். இந்த இரண்டு எடைகளுக்கும் உள்ள வேறுபாட்டை, உலர் எடையின் சதவீதமாக்கி 7.16-ஆல் பெருக்கினால் கயோலினைட் சதவீதம் கிடைக்கும். 49.5 கிராம் 46.0 ஆனால் இழப்பு 3.5 கிராம், அதாவது 7 சதவீதம். கயோலினைட் சுமார் 50. ஒவ்வொரு முறையும் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட்டே நிறுக்க வேண்டும். சூட்டோடு தராசில் வைத்தால் எடை குறைத்துக் காட்டும். மண்ணில் நீர்த்த அமிலம் விட்டால் நுரைக்கிறதா என்றும் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட் இருக்கிறது, கணக்கு கூடுதலாகக் காட்டக்கூடும்.

ஐந்து கிலோ மண்ணைப் பொடித்து, தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, 800 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். குவித்து வைத்தால் நடுப்பகுதி வேகாது. 900 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். சுட்ட கயோலினைட்டான மெட்டாகயோலின் மறுபடி படிகமாகத் தொடங்கி வினைத்திறனை இழக்கும். சுட்டதில் கொஞ்சம் எடுத்து மறுபடி 800-இல் வையுங்கள். எடை கணிசமாகக் குறைந்தால் முதல் சூடு போதவில்லை என்று பொருள்.

களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் தனித்தனியே அரைத்து 75 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். கிளிங்கரோடு சேர்த்து ஒரே ஆலையில் அரைத்தால் மென்மையான களிமண் மாவாகிவிடும், கடினமான கிளிங்கர் கரடாகவே நிற்கும். முதல் நாள் வலிமை குறைவதற்கும், தண்ணீர் அதிகம் கேட்பதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

கிளிங்கர் கிடைக்காதவர்கள் 53 கிரேடு ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்) வைத்தே தொடங்கலாம். ஒரு கிலோவுக்கு ஓ.பி.சி. 550 கிராம், சுட்ட களிமண் 300, சுண்ணாம்புக்கல் 150. ஓ.பி.சி.யில் ஏற்கெனவே ஜிப்சம் இருப்பதால் 10, 20, 30 கிராம் என்று கூடுதலாகச் சேர்த்து மூன்று கலவைகள் செய்யுங்கள். இந்தப் படியைப் பலர் தவறவிடுகிறார்கள். சுட்ட களிமண்ணில் அலுமினா அதிகம். ஜிப்சம் தரும் சல்பேட் போதாவிட்டால் அலுமினேட் வினை முந்திக்கொண்டு, வலிமை தரும் சிலிகேட் வினையைத் தடுக்கும். ஒரு நாள், மூன்று நாள் வலிமை எதில் அதிகமோ அந்த ஜிப்சம் அளவை எடுத்துக்கொண்டு முழுச் சோதனைக்குப் போகலாம்.

70.6 மில்லிமீட்டர் க்யூப் ஒன்றுக்குச் சிமென்ட் 200 கிராம், எண்ணூர் மணல் (சோதனைக்கான தர மணல்) மூன்று பருமன் தரத்திலும் 200 கிராம் வீதம் 600. தண்ணீர் மொத்த எடையில் (பி/4 + 3) சதவீதம். ‘பி’ என்பது இந்தக் கலவைக்கே நீங்கள் அளந்த நிலைத்தன்மையாக (சரியான பதத்தில் பசை வர வேண்டிய தண்ணீர் சதவீதம்) இருக்கட்டும். ஓ.பி.சி.யின் பழைய எண்ணைப் போட்டால் கலவை வறண்டு, க்யூபில் பொந்து விழும். 1, 3, 7, 28 நாட்களுக்கு மும்மூன்றாக 12 க்யூப், பக்கத்திலேயே ஓ.பி.சி. 12 க்யூப். முதல் நாளில் எல்.சி.3 பின்தங்கும், மண் நன்றாக இருந்தால் ஏழாம் நாளில் சமமாக நிற்கும். ஏழிலும் எட்டாவிட்டால் முதலில் சூட்டின் அளவை, அடுத்து கயோலினைட் கணக்கைச் சரிபாருங்கள்.

கான்கிரீட்டுக்குப் போகும்போது பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர்பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பொருள்) ஓ.பி.சி.க்கு ஊற்றுவதைவிடக் கூடுதலாகவே வேண்டியிருக்கும். இளகவில்லை என்று தண்ணீர் ஊற்றினால் வலிமை போய்விடும். நிறம் செங்கல் போல வருவது குறையல்ல, மண்ணில் உள்ள இரும்பு ஹெமடைட்டாக மாறியதுதான். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் ஆலையில் ஆக்சிஜன் குறைந்த சூழலில் ஆறவைப்பார்கள்.

உப்புக் காற்று அடிக்கும் கடலோரக் கட்டடங்களுக்கு இந்தச் சிமென்ட் மிகப் பொருத்தம். குளோரைடு உள்ளே ஊடுருவுவதை நன்றாகத் தடுக்கிறது. கார்பனேற்றத்தை (காற்றின் கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் புகுந்து வினைபுரிவதை) தாங்குவதில் மட்டும் ஓ.பி.சி.யைவிடப் பலவீனம். ஆகவே கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் கவரைக் குறைக்கக்கூடாது. ஐ.எஸ். 456 கலப்புச் சிமென்ட்டுக்குச் சொல்லும் 10 நாள் நீராட்டலில் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதில்) ஒரு நாளும் விடக்கூடாது.