'நல்லா இருக்கணும்': மெத்தா தியானத்தை முதன்முதலாகப் பழகுபவர்களுக்கு

யாங்கோனில் வளர்ந்த தமிழர்களுக்கு 'மியித்தா' என்ற சொல் புதிதல்ல. விடியற்காலையில் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெரியவர் புத்தர் மாடத்தின் முன் உட்கார்ந்து முணுமுணுப்பதைச் சுவர் வழியாகக் கேட்டே தூங்கி எழுந்தவர்கள் நாம். 'மியித்தா போ' என்பார்கள், அதாவது அன்பை அனுப்புவது. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அது மெத்தா, வடமொழியில் மைத்ரி.

நான் முதலில் பாலி வரிகளைத்தான் மனப்பாடம் செய்தேன். 'அவேரா ஹொந்து, அப்யாபஜ்ஜா ஹொந்து, அனீகா ஹொந்து, சுகீ அத்தானம் பரிஹரந்து.' பகையின்றி இருக்கட்டும், மனத்துயர் இன்றி இருக்கட்டும், உடல்துயர் இன்றி இருக்கட்டும், சுகமாகத் தங்களைப் பேணிக்கொள்ளட்டும் என்று பொருள். இரண்டு மாதம் சொன்னேன். வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி இருந்ததே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஒருநாள் பாட்டி நினைவுக்கு வந்தாள். ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் என் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்து, 'நல்லா இருக்கணும்' என்பாள். அவ்வளவுதான், அதுதான் மெத்தா. அன்றிலிருந்து என் வாக்கியத்தை மாற்றிக்கொண்டேன்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

உட்காருவது

பத்து நிமிடம் போதும். சம்மணம் வராதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். கரண்ட் போய், ஃபேனும் டிவியும் அடங்கிய நேரம் இதற்குத் தோதானது. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. போனில் அலாரம் வைத்துவிட்டுத் தள்ளி வையுங்கள். நாலைந்து முறை மூச்சைக் கவனித்து விடுங்கள்.

வாக்கியம்

உங்கள் வாய்க்குப் பழகிய ஒரு வாக்கியத்தை எடுங்கள். எனக்கு 'நல்லா இருக்கணும்'. உங்களுக்கு 'சுகமா இரு' என்றோ 'மனசு நிம்மதியா இருக்கட்டும்' என்றோ இருக்கலாம். ஒரு மூச்சுக்கு ஒரு முறை, மெல்ல, மனதுக்குள் சொல்லுங்கள். அன்பு பொங்கி வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். விருப்பத்தைச் சொல்வதுதான் நம் வேலை. உணர்ச்சி வந்தால் வரட்டும்.

யாரை நினைப்பது

5ஆம் நூற்றாண்டில் பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான வழிகாட்டி நூல் ஒரு வரிசை தருகிறது: முதலில் தான், பிறகு மதிப்புக்குரியவர், நெருங்கிய நண்பர், விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், கடைசியில் பகையாளி. நான் சுகத்தை விரும்புவது போலத்தானே மற்றவர்களும் என்று புரிவதற்காகவே தன்னை முதலில் வைக்கிறார்கள். ஆனால் 'நான் நல்லா இருக்கணும்' என்று சொல்ல நம்மில் பலருக்குக் கூச்சம். சுயநலம் போலத் தோன்றும். அப்படித் தடுக்கினால் ஒரு குழந்தையையோ ஆசிரியரையோ முதலில் நினைத்து, நெஞ்சு கொஞ்சம் இளகியபின் உங்களிடம் திரும்புங்கள். புத்தகம் சொல்லும் வரிசையை இப்படி மாற்றுவதில் தவறில்லை என்பது என் கருத்து.

இரண்டு எச்சரிக்கைகளும் அந்த நூலில் உண்டு. காதல் ஈர்ப்பு உள்ளவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மெத்தா ஆசையாக வழுக்கிவிடும். இறந்தவர்களையும் வேண்டாம். ஒரு இளம் பிக்கு தன் குருவை நினைத்து எவ்வளவு முயன்றும் மனம் ஒருமுகப்படவில்லையாம். விசாரித்தால், குரு அதற்குள் இறந்துபோயிருந்தார். அதனால்தான் நான் பாட்டியின் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன், அவளை நினைத்து உட்காருவதில்லை. உட்கார்ந்தால் அழுகைதான் வரும்.

யாரோ ஒருவர்

பலர் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. எனக்கு இதுதான் தியானத்தின் நடுப்பகுதி. நம் அடுக்குமாடிகளில் பால்கனியிலிருந்து தெருவரை கயிறு தொங்குமே, நுனியில் கிளிப்போடு? கீழே பேப்பரை மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்து மணியடிக்கிறவரின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து அவர் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். ஒரு வாரம் அந்த உச்சந்தலைக்கு 'நல்லா இருக்கணும்' சொன்னேன். எட்டாம் நாள் மழை. மணி அடிக்கவில்லை. அவர் எங்கே ஒதுங்கி நிற்கிறாரோ என்று தோன்றியது. அதற்கு முன் எத்தனை மழை பெய்திருக்கும்!

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். ஒரு வாரமாவது அவரை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காதவர்

பெரிய துரோகிகளோடு ஆரம்பிக்காதீர்கள். சின்ன எரிச்சல் போதும். எனக்குக் கீழ்வீட்டுக்காரர். அவர் ஜெனரேட்டர் புகை நேராக என் படுக்கையறைக்கு வரும். கோபம் கிளம்பினால் அடக்கிக்கொண்டு தொடராமல், முந்தைய ஆளிடம் திரும்பிப் போய், தணிந்தபின் வாருங்கள். இதற்கும் விசுத்திமக்கம் பல வழிகள் சொல்கிறது. எல்லாம் தோற்றால் கடைசி வழி, அவருக்கு ஏதாவது கொடுப்பது. தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கும் அதிரசமும் கொடுத்தேன். தட்டு ஊறவைத்த தேயிலை லப்பெட்டோடு திரும்பி வந்தது. புகை இன்னும் வருகிறது. ஆனால் ராத்திரி அவரோடு மனதுக்குள் நடத்திவந்த சண்டை நின்றுவிட்டது.

எல்லோருக்கும்

கடைசி இரண்டு நிமிடம் வட்டத்தை விரியுங்கள்: வீடு, தெரு, ஊர், எல்லா உயிர்களும். மியான்மரை உலுக்கிய 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு, நான் ஊரைச் சொல்லும்போது அதில் சிதைந்த மாண்டலேயையும் சகாயிங்கையும் தனியாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன்.

என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். மெத்தாவின் பதினொரு பலன்களைச் சொல்லும் பழைய பட்டியலில் முதல் மூன்றுமே தூக்கத்தைப் பற்றியவை: சுகமாகத் தூங்குவது, சுகமாக எழுவது, கெட்ட கனவு வராமை. அமெரிக்காவில் உளவியலாளர் பார்பரா ஃப்ரெட்ரிக்சன் குழு வேலைக்குப் போகும் 139 பேரிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்விலும், இதைப் பழகியவர்களின் அன்றாட நல்லுணர்வுகள் உடனே அல்லாமல் வாரங்கள் போகப்போகத்தான் கூடின. ஆகவே நான்கு நாளில் கைவிட வேண்டாம்.

உட்காரும்போது பதற்றமோ பழைய பயமோ மேலெழுந்தால் கண்ணைத் திறங்கள், எழுந்து தண்ணீர் குடியுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும். தூக்கமின்மையோ மனச்சோர்வோ வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்குப் பதிலாக இதைச் செய்யாதீர்கள்.

முதல் வாரம் நீங்களும் உங்களுக்குப் பிரியமான ஒருவரும் போதும். இரண்டாம் வாரம் அந்த யாரோ ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரர் ஒரு மாதம் காத்திருக்கட்டும்.