புரொம் இரவுக்கு வாகனம் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் பள்ளிகளில் ஜிசிஎஸ்இ தேர்வுகள் முடிந்ததும், ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ, பதினாறு வயதை ஒட்டிய பதினோராம் ஆண்டு மாணவர்களுக்குப் புரொம் எனப்படும் பிரியாவிடை விருந்து நடக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த இந்த வழக்கத்தில், மண்டபத்துக்குள் நடக்கும் நடனத்துக்கு ஈடாக, எந்த வாகனத்தில் வந்து இறங்குகிறோம் என்பதும் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. நீட்டிய லிமோசின், ஹம்மர், பார்ட்டி பஸ், பழைய ரோல்ஸ் ராய்ஸ், மாற்றியமைக்கப்பட்ட தீயணைப்பு வண்டி என்று தேர்வுகள் விரிந்துகொண்டே போகின்றன. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதிலிருந்து விலகி நிற்பதில்லை, நிற்கவும் வேண்டியதில்லை. பல ஆண்டுகள் உழைத்துப் படித்த பிள்ளை ஒரு மாலைப் பொழுது மகிழ்ந்திருக்க விரும்புவது நியாயமான ஆசைதான். கவலை தருவது, வாகனத்தை நாம் தேர்ந்தெடுக்கும் முறை. முதலில் படத்தைப் பார்க்கிறோம், அடுத்து விலையைக் கேட்கிறோம், பிறகு நிறத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்த வண்டி எந்த உரிமத்தின் கீழ் ஓடுகிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

நம்மவர்களிடம் இந்தத் தவறு நடப்பதற்குத் தனியான ஒரு காரணம் உண்டு. உறவினர் திருமணத்துக்கு மணமக்களை ஏற்றிவந்த காரின் உரிமையாளரையே புரொமுக்கும் அழைத்துவிடுகிறோம். ‘தெரிந்த ஆள், நல்ல கார், கல்யாணத்துக்குச் சரியான நேரத்துக்கு வந்தார்’ என்ற நம்பிக்கை இயல்பானதே. ஆனால் சட்டம் இந்த இரண்டு பயணங்களையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஓட்டுநரோடு வாடகைக்கு விடப்படும், எட்டுப் பயணிகள் வரை அமரக்கூடிய வாகனங்கள் தனியார் வாடகை வாகனங்களாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று விதிக்கும் 1976-ஆம் ஆண்டுச் சட்டமும், லண்டனுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டமும், திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் மட்டுமே விலக்கு அளிக்கின்றன. ஆகவே திருமணத்துக்கு உரிமமின்றி வந்த அதே கார், அடுத்த வாரம் அதே ஓட்டுநரோடு கட்டணம் வாங்கிக்கொண்டு புரொமுக்கு வந்தால் அது சட்டமீறல். பூப்புனித நீராட்டு விழாவுக்கு லிமோசின் எடுப்பவர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அந்த விலக்கில் அவ்விழாவுக்கு இடமில்லை.

உரிமம் என்பது ஒரே ஒரு தாள் அன்று. முன்பதிவை ஏற்கும் நிறுவனத்துக்கு ஒன்று, வாகனத்துக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று என மூன்று உரிமங்கள் இருக்க வேண்டும். லண்டனில் அவற்றை டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் அமைப்பும், பிற இடங்களில் உள்ளூர் கவுன்சிலும் வழங்குகின்றன. ஓட்டுநரின் பின்னணி சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்பதற்கும், வாகனம் பயணிகளை வாடகைக்கு ஏற்றுவதற்கான காப்பீட்டோடு ஓடுகிறது என்பதற்கும் நமக்குக் கிடைக்கும் உறுதி இந்த மூன்றின் வழியாகத்தான் வருகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த சாதாரணக் காப்பீடு, காசு வாங்கிக்கொண்டு பிறர் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பயணத்தை உள்ளடக்காது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்காக நீண்ட இழுபறியில் சிக்குவது பெற்றோர்தான்.

அடுத்த தவறு இருக்கைக் கணக்கில் நிகழ்கிறது. இதைச் சிறு விஷயமாக எண்ணிவிடக் கூடாது. எட்டுப் பேர் அமரும் லிமோசினைப் பதிவு செய்தபின், ஒன்பதாவதாக ஒரு தோழி சேர்கிறாள். அவளை விட்டுவிட யாருக்கும் மனம் வருவதில்லை. ‘நெருக்கி உட்காரலாம், பத்து நிமிடப் பயணம்தானே’ என்று முடிவெடுக்கிறார்கள். எட்டு இருக்கைகளுக்கு மேல் உள்ள வாகனம் சட்டப்படி வேறு வகையைச் சேர்ந்தது. அதற்குப் போக்குவரத்து ஆணையர் வழங்கும் பிஎஸ்வி எனப்படும் பொதுச் சேவை வாகன உரிமம் வேண்டும்; ஓட்டுநர் சாதாரணக் கார் உரிமத்தோடு நில்லாமல், டி1 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகள் வாகன உரிமம் பெற்றிருக்க வேண்டும்; வாகனமும் அதற்குரிய தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். பார்ட்டி பஸ்களும், பலர் அமரும்படி மாற்றிய தீயணைப்பு வண்டிகளும் பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும். எட்டுப் பேருக்கு அனுமதி பெற்ற வாகனத்தில் ஒன்பதாவது பிள்ளையை ஏற்ற மறுக்கும் ஓட்டுநர் தன் கடமையைச் செய்கிறார். அவரோடு வாதிடுவதைவிட, எத்தனை பேர் என்பதை முற்பணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. ‘பத்துப் பேர் கூட ஏறலாம், யாரும் பார்க்கமாட்டார்கள்’ என்று தொலைபேசியில் சொல்லும் நிறுவனத்தோடு அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

நீட்டிய லிமோசின்கள் பெரும்பாலும் தொழிற்சாலையில் அந்த நீளத்தோடு பிறந்தவை அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். சாதாரணக் காரை நடுவில் வெட்டி, சில மீட்டர் நீளத்துக்கு உடலை இணைத்து, பக்கவாட்டில் இருக்கைகள் பொருத்துகிறார்கள். எடை கூடுகிறது, பிரேக்கும் டயரும் சுமக்கும் பாரமும் கூடுகிறது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி என்னும் ஊரில், பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குச் சென்ற 17 பேரை ஏற்றிய நீட்டிய ஃபோர்டு எக்ஸ்கர்ஷன் விபத்துக்குள்ளாகி, பயணிகள் அனைவரும், ஓட்டுநரும், அங்கே நின்ற இருவருமாக 20 பேர் இறந்தார்கள். அந்த வாகனம் ஒரு மாதத்துக்கு முன்புதான் அரசுச் சோதனையில் தோற்றிருந்தது. ஓட்டுநரிடம் அத்தகைய வாகனத்துக்கு உரிய உரிமமும் இல்லை. குடித்துவிட்டுக் கார் ஓட்டக் கூடாது என்ற பொறுப்புணர்வோடுதான் அவர்கள் வாகனத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இவற்றைச் சரிபார்ப்பது கடினமன்று. வரப்போகும் வாகனத்தின் பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் எம்ஓடி எனப்படும் வாகனத் தகுதிச் சோதனையின் வரலாற்றை, எந்த ஆண்டில் எந்தக் குறையால் தோற்றது என்பது வரை, கட்டணமின்றிப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயரை டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனின் பதிவேட்டிலோ, கவுன்சிலின் பதிவேட்டிலோ, பெரிய வாகனமானால் பிஎஸ்வி இயக்குநர்களின் பொதுப் பதிவேட்டிலோ தேடலாம். பதிவெண்ணைத் தரத் தயங்கி, ‘அன்று எந்த வண்டி காலியாக இருக்கிறதோ அது வரும்’ என்று சொன்னால், படத்தில் பார்த்த வாகனம் வராமல் போகலாம் என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு. முடிந்தால் வாகனம் நிற்கும் இடத்துக்கே போய், இருக்கைப் பட்டிகள் ஒவ்வொன்றும் பூட்டுகின்றனவா, கதவுகள் உள்ளிருந்து திறக்கின்றனவா என்று பாருங்கள். பட்டி இருந்தால் அணிந்தே ஆக வேண்டும். 14 வயது நிரம்பியவர்களுக்கு அது அவரவர் பொறுப்பு, மீறினால் 500 பவுண்டு வரை அபராதம். கூரைச் சன்னல் வழியே எழுந்து நின்று கையசைப்பதை அனுமதிக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடமும் பிள்ளைகளிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, பல குடும்பங்கள் பங்கிட்டுக் கொடுக்கும்போது யார் பெயரில் ஒப்பந்தம் என்பதே தெளிவில்லாமல் போகிறது. ஒருவர் பொறுப்பேற்று, புறப்படும் இடம், நேரம், காத்திருக்கும் நேரம், திரும்பும் பயணம், ரத்து விதி ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். குறித்த தேதிக்கான இத்தகைய பயண ஒப்பந்தத்துக்கு, இணையத்தில் பொருள் வாங்கும்போது கிடைக்கும் 14 நாள் ரத்து உரிமை பொருந்தாது. அதை நம்பி அவசரமாக முன்பதிவு செய்வது வீண். ரொக்கமாகக் கொடுத்தால் பத்துப் பவுண்டு குறையும் என்பார்கள். ஆனால் சேவையின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து, முற்பணத்தை மட்டுமாவது கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி நிறுவனத்தோடு கார்டு நிறுவனமும் பொறுப்பாகிறது. நிறுவனம் மூடப்பட்டாலும் பணத்தைக் கேட்க ஓரிடம் இருக்கும். லண்டனுக்குள் ஓடும் பழைய அமெரிக்க லிமோசின்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு யூலெஸ் கட்டணம் (அதிகப் புகை கக்கும் வாகனங்களுக்கான கட்டணம்) வரலாம். 2023 ஆகஸ்டு முதல் நகரம் முழுவதற்கும் அது விரிந்துவிட்டதால், கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நேரத்திலும் கவனம் வேண்டும். புரொம் பருவத்தின் வெள்ளிக்கிழமைகளில் ஒரே வாகனம் ஒரு மாலைக்குள் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஓடும். முந்தைய குழு இருபது நிமிடம் தாமதித்தால் நம் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். ‘எங்களுக்கு முன்னால் எத்தனை மணிக்கு, எந்த ஊரில் பயணம் இருக்கிறது?’ என்று நேராகக் கேட்கலாம். நீண்ட வாகனம் குறுகிய தெருக்களில் திரும்ப முடியாது என்பதால் எட்டு வீட்டு வாசலுக்கும் வரச் சொல்லாமல், அகலமான சாலையில் உள்ள ஒரே வீட்டில் எல்லோரும் கூடுவது நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

‘ஷாம்பெய்ன் இலவசம்’ என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். கட்டணத்தோடு சேர்ந்து வரும் மது சட்டத்தின் கண்ணில் விற்பனைதான். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதும், ஓடும் வாகனத்தில் மது விற்பதும் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி குற்றங்கள். மதுவற்ற பானம் மட்டுமே என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதேபோல, தெரிந்த அண்ணன் ஒருவர் லம்போர்கினியை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிவந்து இறக்கிவிடுவதாகச் சொன்னால், வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் ஓட்டுநராக உள்ளதா, வயது வரம்பும் காப்பீடும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் சம்மதிக்கக் கூடாது.

பள்ளியின் கடிதத்தை முற்பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள். சில பள்ளிகள் வாடகை வாகனங்களை வாசலுக்கு விடுவதில்லை. திரும்பும் பயணம் பல கட்டணங்களில் சேர்வதில்லை என்பதால், இரவு பதினொரு மணிக்கு யார் அழைத்துவருவார்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். லிமோசினிலேயே திரும்புவதானால், இறங்க வேண்டிய முகவரிகளை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, பொறுப்பேற்ற பெற்றோர் தொலைபேசியில் சொல்லாமல் வேறெங்கும் வண்டியைத் திருப்பக் கூடாது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.